இமயமலைக்குக் குடும்பத்தோடு: ஊரைக் குறையுங்கள், இரவைக் கூட்டுங்கள்!

இமயமலைப் பக்கம் போகலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்ததும் முதலில் என்ன நடக்கிறது? வீட்டுக்காரர் ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு ஊர்ப் பெயர்களை எழுத உட்கார்ந்துவிடுவார். சிம்லா, குலு, மனாலி, தர்மசாலா, டல்ஹௌசி, முசூரி... "இவ்வளவு செலவு பண்ணிப் போறோம், எல்லாத்தையும் பார்த்துட்டு வந்துடணும்" என்பது அவர் கட்சி. பட்டியல் நீள நீள, ஓர் ஊருக்கு ஒரு ராத்திரிதான் மிஞ்சும்.

எங்கள் தெருவில் ஒரு குடும்பம் அப்படித்தான் ஏழு நாளில் ஆறு ஊர் பார்த்துவிட்டு வந்தது. "என்னென்ன பார்த்தே?" என்று அந்தப் பெண்ணிடம் ஆசையாகக் கேட்டேன். "பெட்டியைப் பிரிச்சதும் கட்டினதும்தான்க்கா ஞாபகம் இருக்கு" என்றாள். சின்னவனுக்கு வழியெல்லாம் வாந்தி, பெரியவளுக்குக் காய்ச்சல்.

யோசித்துப் பாருங்கள். ஊர் மாறும் ஒவ்வொரு நாளும் விடியற்காலையில் எழுந்து ஈரத் துணியைத் தனியாகச் சுற்றி, பால் பாட்டிலைக் கழுவி, மாமியாரின் மாத்திரையை எண்ணி, காணாமல்போன ஒரு கால் சாக்ஸைத் தேடி, மூட்டை கட்டுவது யார்? நாம்தானே! ஆகவே சகோதரிகளே, திட்டம் போடும் காகிதம் நம் கைக்கு வரட்டும். எங்கள் வீட்டில் அப்படித்தான் போட்டோம். மலையில் பத்து இரவுகள், நிஜமாகத் தங்கும் ஊர்கள் மூன்றே மூன்று: சிம்லா, மனாலி, தர்மசாலா. மூன்றும் ஹிமாச்சலப் பிரதேசத்தில் இருப்பவை. பனிமலைக் காட்சியும் உண்டு, கோயில், கலை, கைத்தொழில் என்று தெரிந்துகொள்ள விஷயமும் உண்டு.

முதலில் உயரத்தைப் பாருங்கள்

மலைப் பிரயாணத்தில் தூரத்தைவிட உயரம் முக்கியம். நமக்குத் தெரிந்த ஊட்டி சுமார் 7,350 அடி உயரத்தில் இருக்கிறது. சிம்லா சுமார் 7,200 அடி, மனாலி 6,700 அடி. தர்மசாலா 4,800 அடிதான். அதற்கு மேலே இருக்கும் மெக்லியாட் கஞ்ச் 6,800 அடி. அதாவது நம் திட்டத்தில் எந்த ஊரும் ஊட்டியைவிட உயரமில்லை! ஆனால் வடக்கே தள்ளி இருப்பதால் குளிர் அதிகம்.

பொதுவாக 8,000 அடிக்கு மேல் போகும்போதுதான் சிலருக்கு 'உயர நோய்' தலைகாட்டுகிறது. தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கம் வராமை இவை அறிகுறிகள். சொல்லத் தெரியாத குழந்தையானால் காரணமில்லாமல் சிணுங்கும், பால் குடிக்காது, விளையாடாது. இதில் கவனிக்க வேண்டியது, பகலில் எவ்வளவு உயரம் ஏறினோம் என்பதோடு, இரவில் எந்த உயரத்தில் தூங்குகிறோம் என்பது. அதனால்தான் பத்து இரவுகளையும் 8,000 அடிக்குக் கீழேயே வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

மனாலி போகிறவர்கள் எல்லோரும் பனியைத் தொட்டுப் பார்க்க ரோதாங் கணவாய்க்கு ஓடுவார்கள். அது சுமார் 13,000 அடி. காலையில் 6,700 அடியில் காப்பி குடித்துவிட்டு மதியத்துக்குள் இரண்டு மடங்கு உயரத்தில் நிற்பதை உடம்பு எப்படி ஏற்றுக்கொள்ளும்? கைக்குழந்தையும் வயதானவர்களும் கூட இருந்தால் ரோதாங் வேண்டாம். அங்கே போகும் வாகனங்களுக்கு அனுமதிச் சீட்டு வேறு வேண்டும். அதற்குப் பதில் 2020 அக்டோபரில் திறந்த அடல் சுரங்கப் பாதை இருக்கிறது. 9 கிலோ மீட்டர் நீளம், சுமார் 10,000 அடி உயரம். அதன் வழியே அந்தப் பக்கத்து லாஹௌல் பள்ளத்தாக்குக்குப் போய், ஓரிரு மணி நேரம் இருந்துவிட்டுத் திரும்பிவிடலாம். அங்கே யாருக்காவது தலைவலி, குமட்டல் வந்தால் "கொஞ்ச நேரம் பார்க்கலாம்" என்று உட்காராதீர்கள். உடனே கீழே இறங்குவதுதான் முதல் வைத்தியம்.

எந்த மாதம்?

ஜூலை, ஆகஸ்ட் கூடவே கூடாது. அப்போது அங்கே பருவமழை. 2023-ல் ஜூலையிலும் ஆகஸ்டிலும் பெய்த மழையில் பாதைகள் சரிந்து, பாலங்கள் அடித்துப்போய், எத்தனையோ உயிர்கள் போயின. டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறதே என்று அந்த மாதங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

மே மாதம் நம் குழந்தைகளுக்கு லீவு, உண்மைதான். ஆனால் வட இந்தியாவே வெயிலுக்குப் பயந்து அங்கேதான் ஏறும். 2018 மே மாதக் கடைசியில் சிம்லாவில் குடிதண்ணீருக்கே தவிப்பு ஏற்பட்டது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருந்தால், பரீட்சை முடிந்த கையோடு ஏப்ரல் கடைசியிலேயே கிளம்பிவிடுவது நல்லது. இன்னும் பள்ளியில் சேர்க்காத குழந்தைகள் என்றால் அக்டோபர்தான் அருமை. மழை கழுவிவிட்ட வானத்தில் பனிச் சிகரங்கள் பளிச்சென்று தெரியும்.

அக்டோபரில் போனால் குலு தசராவும் சேர்ந்து கிடைக்கலாம். நாமெல்லாம் நவராத்திரி முடிந்து கொலுவை எடுத்து வைக்கும்போதுதான் அங்கே திருவிழா தொடங்கும்! விஜயதசமி அன்று ஆரம்பித்து ஏழு நாள். சுற்றுப்பட்ட கிராம தெய்வங்களையெல்லாம் பல்லக்கில் தூக்கிக்கொண்டு மேளதாளத்தோடு குலு மைதானத்துக்கு வருவார்கள். ரகுநாதரின் தேரை ஊரே இழுக்கும். அந்த வாரம் இடம் கிடைப்பது கஷ்டம், முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளுங்கள்.

ரயிலில் இப்போது 60 நாள் முன்னதாகத்தான் முன்பதிவு தொடங்குகிறது. அந்தத் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். ஐந்து வயதுக்குக் கீழ் படுக்கை கேட்காவிட்டால் டிக்கெட் கிடையாது. ஐந்து முடிந்து பன்னிரண்டு முடியாத குழந்தைக்குத் தனிப் படுக்கை வேண்டுமென்றால் முழு டிக்கெட். சென்னையிலிருந்து டில்லிக்கு இரண்டு இரவுகள் ஆகும், ஆகவே படுக்கையில் சிக்கனம் பார்க்காதீர்கள். டில்லியில் ஒரு ராத்திரி தங்கிக் குளித்து, தூங்கிவிட்டு, மறுநாள் மலைக்குக் கிளம்புங்கள்.

சிம்லா: மூன்று இரவுகள்

டில்லியிலிருந்து கால்கா வரை பெரிய ரயில். அங்கிருந்து சிம்லாவுக்குப் பொம்மை மாதிரி சின்ன ரயில். 1903-ல் போட்ட பாதை. 96 கிலோ மீட்டருக்குள் 102 சுரங்கங்கள், எண்ணூறுக்கும் மேல் பாலங்கள்! நம் நீலகிரி மலை ரயிலைப் போலவே இதுவும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம். ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். காரில் போனால் சீக்கிரம் போகலாம்தான். ஆனாலும் ரயிலையே சொல்வேன். கார் வளைவுகளில் வாந்தி எடுக்கும் குழந்தை ரயிலில் எழுந்து நடமாடும், சுரங்கம் வரும்போதெல்லாம் கத்தி மகிழும், எண்ணிக்கை பழகும். மெதுவாக ஏறுவதால் உடம்பும் பழகிக்கொள்கிறது.

சிம்லாவின் மால் ரோட்டில் சுற்றுலா வண்டிகள் ஓடாது. குழந்தையின் கையை விட்டு நடக்கலாம் என்பதே நமக்குப் பெரிய விடுதலை. 1864-லிருந்து வெள்ளைக்காரர்கள் கோடைக்காலத் தலைநகராக வைத்துக்கொண்ட ஊர். வைஸ்ராய் மாளிகையை அவசியம் பாருங்கள். 1888-ல் கட்டி முடித்தது. சுதந்திரத்துக்கு முன் 1945-ல் நம் தலைவர்களோடு வைஸ்ராய் பேச்சுவார்த்தை நடத்தியது இங்கேதான். இவ்வளவு பெரிய அரண்மனை இப்போது உயர் ஆராய்ச்சி நிலையம். திருத்தணியில் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் ஜனாதிபதியாக இருந்தபோது 1965-ல் அதைத் தொடங்கி வைத்தார் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

ஜாக்கு மலை மேல் ஆஞ்சநேயர் கோயில் இருக்கிறது. அங்கே குரங்குகள் ஜாஸ்தி. மூக்குக் கண்ணாடி, கைப்பை, குழந்தையின் கையிலிருக்கும் பிஸ்கட் எதையும் விடாது, ஜாக்கிரதை!

நாம் மார்க்கெட்டில் 'சிம்லா ஆப்பிள்' என்று கேட்டு வாங்குகிறோமே, அதற்கும் ஒரு கதை உண்டு. ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்கர் தொண்டு செய்ய வந்து, இந்த மலையிலேயே குடும்பமாகி, 1916-ல் கோட்கட் பக்கம் நல்ல ஜாதி ஆப்பிள் கன்றுகளை நட்டார். இன்று எத்தனையோ மலைக் குடும்பங்களுக்கு அதுதான் ஜீவனம். ஏப்ரலில் போனால் பூப்பதைப் பார்க்கலாம்.

நடுவில் மண்டி: ஓர் இரவு

சிம்லாவிலிருந்து மனாலி சுமார் 250 கிலோ மீட்டர். மலைப் பாதையில் நாள் முழுக்க உட்கார வேண்டும். அதை ஒரே மூச்சில் முடிக்காதீர்கள். பியாஸ் ஆற்றங்கரையில் மண்டி என்ற ஊர். உயரம் 2,500 அடிதான், குளிர் குறைவு. ஆற்றோரம் பழைய கல் கோயில்கள் நிறைய. மாலையில் இரண்டு கோயில் பார்த்துவிட்டு, குழந்தைகளைக் குளிப்பாட்டித் தூங்க வைத்தால் மறுநாள் எல்லோருக்கும் முகம் தெளிந்திருக்கும்.

மனாலி: மூன்று இரவுகள்

மனாலியில் என் மனதைக் கட்டிப்போட்டது பனியல்ல, ஹிடிம்பா கோயில். மகாபாரதத்தில் பீமன் மணந்த அதே இடும்பிதான். கடோத்கஜனைப் பெற்றவள். வானளாவிய தேவதாரு மரங்களுக்கு நடுவே, அடுக்கடுக்காக மரக் கூரை வைத்து, 1553-ல் கட்டிய கோயில். கதையில் நாம் அரக்கி என்று சொல்லிவிட்டுப் போகிறவளை, இந்த மலைக்காரர்கள் தாயாக வைத்துக் கும்பிடுகிறார்கள். குலு ராஜ வம்சத்துக்கு அவள் பாட்டி முறை. அவள் பல்லக்கு வந்து சேர்ந்தால்தான் குலு தசராவே தொடங்கும்!

பக்கத்தில் வசிஷ்ட் கிராமத்தில் வெந்நீர் ஊற்று. பெண்களுக்குத் தனிக் குளியல் இடம் உண்டு. மாற்றுப் புடவையும் துண்டும் எடுத்துப் போங்கள்.

ஒரு நாள் நக்கருக்கு ஒதுக்குங்கள். அங்குள்ள பழைய கோட்டை வீட்டைக் கல்லையும் மரச் சட்டங்களையும் மாற்றி மாற்றி அடுக்கிக் கட்டியிருக்கிறார்கள், சிமெண்டு கிடையாது. பூமி அதிர்ந்தாலும் அந்தச் சட்டங்கள் அசைந்து கொடுக்குமாம். அதே ஊரில் ரஷ்ய ஓவியர் நிகோலாய் ரோரிக் 1947-ல் காலமாகும்வரை வாழ்ந்த வீடு இருக்கிறது. அவர் வரைந்த நீல மலைகளைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால், எதிரே அதே மலைகள். சினிமா நட்சத்திரம் தேவிகா ராணி இந்த வீட்டு மருமகள்தான்!

குலு சால்வை வாங்காமல் வர மனசு வராது. நடுவில் வெறுமையாக விட்டு இரண்டு ஓரத்திலும் பளீர் நிறங்களில் கட்டம் கட்டமாக நெய்திருப்பார்கள். தெருவில் கூவி விற்பதை "அசல் பஷ்மினா" என்று நம்பி வாங்க வேண்டாம். நெசவாளர் கூட்டுறவுக் கடைகளில் விலை எழுதியிருக்கும், ரசீதும் தருவார்கள்.

தர்மசாலா: மூன்று இரவுகள்

மனாலியிலிருந்து தர்மசாலாவுக்குப் போவதும் நாள் முழுப் பிரயாணம்தான். காலையில் சீக்கிரம் கிளம்பி, வழியில் பைஜ்நாத்தில் வண்டியை நிறுத்துங்கள். 1204-ஆம் ஆண்டின் சிவன் கோயில். நம் வைத்தீஸ்வரன் கோயில் போலவே, நோய் தீர்க்கும் வைத்தியநாதராக அங்கே சிவன் இருக்கிறார். கோயிலுக்குப் பின்னால் சுவர் மாதிரி தௌலாதார் பனிமலை. அடுத்து வரும் பாலம்பூரில் தேயிலைத் தோட்டங்கள்.

மெக்லியாட் கஞ்சில் திபெத்தியர்கள் வாழ்கிறார்கள். 1959-ல் திபெத்தை விட்டு வந்த தலாய் லாமா அடுத்த ஆண்டு இங்கே குடியேறினார். அவரோடும் அவருக்குப் பின்னும் வந்த அகதிகளில் பலர் மலைச் சாலை போடும் வேலைக்குப் போனார்கள். அவர்களுடைய குழந்தைகள் நோயிலும் பசியிலும் வாடின. 1960 மே மாதம் 51 குழந்தைகளைச் சேர்த்து ஒரு காப்பகம் தொடங்கினார்கள். அதைப் பொறுப்பேற்று நடத்தியவர் தலாய் லாமாவின் அக்காள். அதுதான் வளர்ந்து திபெத்தியக் குழந்தைகள் கிராமமாகியது. நம் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த ஊரில் நடக்கும்போது இது நினைவுக்கு வராமல் இருக்காது. கோயிலில் பிரார்த்தனை உருளைகளை வலப்புறமாகச் சுற்றிவர வேண்டும், நாம் பிரகாரம் சுற்றுவது போல.

இங்கிருந்து பதான்கோட் போய் டில்லி ரயிலைப் பிடிக்கலாம். காங்க்ரா பள்ளத்தாக்கில் 1929-ல் போட்ட சின்ன ரயில் பாதையும் உண்டு. ஆனால் 2022 ஆகஸ்டில் சக்கி ஆற்றுப் பாலம் வெள்ளத்தில் சரிந்து போக்குவரத்து தடைப்பட்டது. அதில் போக ஆசைப்பட்டால் முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அடுப்படிக் கணக்கு

நம் வீட்டில் 100 டிகிரியில் கொதிக்கிற தண்ணீர், சிம்லா உயரத்தில் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பு வேக நேரமாவது அதனால்தான். கொதித்தது என்று உடனே இறக்கிவிடாதீர்கள். 3 நிமிஷம் தளதளவென்று கொதித்த தண்ணீரையே குழந்தைக்குக் கொடுங்கள்.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். ஹிமாச்சலத்து விசேஷச் சாப்பாட்டுக்கு 'தாம்' என்று பெயர். தரையில் வரிசையாக உட்கார வைத்து, இலை தைத்த தட்டில் சோறு போட்டு, கொண்டைக்கடலையைத் தயிரில் வேகவைத்த 'மத்ரா', பருப்பு, கடைசியில் இனிப்புச் சோறு என்று ஒவ்வொன்றாகப் பரிமாறுவார்கள். அசல் நம் பந்திதான்! 'சித்தூ' என்று ஆவியில் வேகவைத்த கோதுமைப் பண்டமும் உண்டு. நெய் விட்டுக் கொடுத்தால் குழந்தைகள் விரும்பிச் சாப்பிடும். கையில் பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் இருந்தால் போதும். ஸ்டவ், பாத்திரம் என்று சமையலறையையே சுமந்து போகாதீர்கள். அங்கேயும் நாம்தான் சமைக்க வேண்டியிருக்கும்!

பெட்டியில் வைக்க வேண்டியவை

ஆயிரம் அடி ஏறினால் சுமார் 2 டிகிரி உஷ்ணம் குறையும். ஒரே தடிமனான கோட்டைவிட, மெல்லியதாக மூன்று அடுக்கு உடுத்துவது நல்லது. பனியன், முழுக்கை சட்டை, ஸ்வெட்டர் என்று வெயில் ஏறும்போது ஒவ்வொன்றாகக் கழற்றலாம். ஆளுக்கு நாலு ஜோடி சாக்ஸ், காதை மூடும் குல்லாய், உதட்டுக்குத் தேங்காயெண்ணெய். குளிராக இருந்தாலும் மலை வெயில் சருமத்தைச் சுட்டுவிடும், தொப்பி வேண்டும். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், காய்ச்சல் மருந்து, உங்கள் டாக்டர் எழுதிக் கொடுத்த வாந்தி மருந்து இவற்றைக் கைப்பையிலேயே வையுங்கள். கர்ப்பிணிகள், ஆஸ்துமா, இதயக் கோளாறு உள்ளவர்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டே டிக்கெட் வாங்கணும். வண்டி கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன் லேசான ஆகாரம் கொடுங்கள், எண்ணெய்ப் பண்டம் வேண்டாம். மலை இறங்கும்போது காது அடைத்துக் குழந்தை அழுதால் பால் கொடுங்கள். விழுங்க விழுங்க அடைப்பு விடும்.

இன்னொன்று, இதை மறக்கவே கூடாது. குளிர் தாங்காமல் கரி அடுப்பைப் படுக்கையறையில் வைத்துக் கதவு சன்னலை மூடித் தூங்கவே தூங்காதீர்கள். அதிலிருந்து வரும் விஷவாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். விடுதிக்காரர் அன்பாகக் கொண்டுவந்து வைத்தாலும் வெளியே வைக்கச் சொல்லுங்கள். இன்னும் இரண்டு கம்பளி கேட்டு வாங்கிப் போர்த்திக்கொள்ளலாம்.

கடைசியாக ஒரு கணக்கு

ஓர் ஊரில் மூன்று இரவு தங்கினால் இரண்டு முழு நாள் கிடைக்கும். ஒரு நாள் ஊர் பார்க்க. இன்னொரு நாளில் திட்டமே வேண்டாம். அன்றைக்கு அரை நாள் குழந்தைகளை அப்பாவிடம் விட்டுவிடுங்கள். "நீ எங்கே போறே?" என்று கேட்டால், "எங்கேயும் இல்லை, சும்மா உட்காரப் போறேன்" என்று சொல்லுங்கள். தேவதாரு நிழலில் ஒரு கல்லில் உட்கார்ந்து, ஆறிப்போகாத டீயை முழுசாகக் குடித்துப் பாருங்கள். கல்யாணமாகி எத்தனை பிரயாணம் போயிருக்கிறோம், எத்தனையில் சன்னலோர இடம் நமக்குக் கிடைத்தது?

டல்ஹௌசியும் முசூரியும் எங்கேயும் ஓடிப்போகாது. அடுத்த தடவைக்கு இருக்கட்டும். கால்காவில் ரயில் ஏறும்போது மட்டும் மறக்காமல் சன்னலோரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்!